ஜபீன் போனில் புகுந்த பொம்பளை

கும்மிடிப்பூண்டி பஜாரில் நூர் முகம்மதுவின் செல்போன் கடைக்குப் போய், டிவியில் விளம்பரம் வருகிற ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எடுத்துக் காட்டுவார்கள், பிடித்தால் வாங்கிக்கொண்டு வரலாம், அத்தோடு சரி. "ஜபீன் போன் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் உங்களை உட்காரச் சொல்லுவார்கள்.

ஜபீன் என்று ஒரு கம்பெனி உலகத்தில் எங்கும் கிடையாது. அது ஒரு பெண்மணியின் பெயர். வயது முப்பத்தொன்பது. பிறந்தது பழவேற்காடு, வாழ்க்கைப்பட்டு வந்தது கும்மிடிப்பூண்டி. கணவர் அப்ரார் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறார். மகள் அஃபீஃபா பிளஸ் டூ படிக்கிறாள். ஜபீனுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு போன் கம்பெனி, அவள் நின்றது நூர் பாயின் கடையில். கம்பெனி கொடுத்த ஆரஞ்சு டீ-சர்ட்டைச் சுடிதாருக்கு மேலே போட்டு, அதற்கும் மேலே துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு, பதினோரு வருஷமாக அந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றாள். அந்தக் கம்பெனிக்கு எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, அதில் இரண்டு எக்ஸும் ஒரு இசட்டும் வரும். சொல்லிப் பார்த்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். நமக்கெதற்கு வம்பு என்று ஜனங்கள் "ஜபீன் போன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன் ஒன்று விற்றதும் பெட்டியைப் பிரித்து, சிம்மைப் போட்டு, வாங்கினவர் கண்ணெதிரிலேயே முதல் நம்பராகத் தன் நம்பரைப் பதிந்து கொடுப்பாள். "எதுனா பேஜார் பண்ணுச்சின்னா எனக்குப் போடுங்க. கம்பெனிக்குப் போட்டீங்கன்னா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்லிக்கினே இருப்பான்" என்பாள். ஆரம்பாக்கத்திலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் ஆயிரம் போனுக்கு மேல் அவள் நம்பர் குடியிருக்கிறது. கூப்பிடவும் செய்கிறார்கள். சத்தம் வரவில்லை, படம் நகரவில்லை, மருமகள் போடுகிற ஸ்டேட்டஸ் ஊருக்கெல்லாம் தெரிகிறது எனக்கு மட்டும் தெரியவில்லை. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஜபீன் நெட்வொர்க் மேல் பழியைப் போட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது மாடல் வந்தால், ஒரு வாரம் தன் கையில் வைத்துப் புழங்கிப் பார்க்காமல் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். கம்பெனிக்காரன் கத்தை கத்தையாக நோட்டீஸ் கொடுப்பான். அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டைக் கொடுத்துவிடுவாள். "உப்பு பாக்காத கொழம்ப நான் ஊத்தமாட்டேன் பாய்" என்பது அவள் பேச்சு. நூர் பாயும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அவள் வாய் திறந்தால் சரக்கு ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் கம்பெனிகளுக்கு ஒரு வியாதி இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, கழற்றத் தோன்றும். ஜபீன் விற்றதில் ஏழாம் நம்பர் மாடல்தான் ராசா. அதில் இல்லாதது இல்லை. எட்டாம் நம்பரில் ரேடியோவைத் தூக்கினார்கள். பழவேற்காடு ஏரிக்குள்ளே சிக்னல் கிடைக்காத இடத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஹெட்போன் செருகுகிற ஓட்டையை அடைத்தார்கள். பெட்டியைத் திறந்தால் சார்ஜரைக் காணோம். கேட்டதற்கு, எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று பதில் வந்தது. அடேயப்பா, என்ன அக்கறை!

ஆனாலும் எட்டாம் நம்பர் விற்றது. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஜபீன் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டாள். "ரேடியோ இல்ல, ஓட்டை இல்ல, சார்ஜர் இல்ல. மத்ததெல்லாம் நல்லா கீது. வேணும்னா எடுங்க, வேணாம்னா இன்னொரு வருஷம் பழச வச்சி ஓட்டுங்க." ஜனங்கள் கம்பெனியை நாலு திட்டு திட்டிவிட்டு, ஜபீன் சொல்கிறாளே என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பெனியில் கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஜபீனைத் தெரியாது. எதைக் கழற்றினாலும் ஜனங்கள் நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெம்பில் ஒன்பதாம் நம்பரில் இன்னொன்றிலும் கைவைத்தார்கள்.

அது என்னவென்று சொல்வதற்கு முன்னால் குப்பாயியைச் சொல்லவேண்டும்.

குப்பாயி பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரி. புருஷன் நாகமுத்து ஏரியில் நண்டும் இறாலும் பிடித்துக்கொண்டு வருவார். குப்பாயி அதை ஐஸ் பெட்டியில் அடைத்து, பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து, பதினாலு வீடுகளுக்குக் கொடுப்பாள். எல்லாம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். முந்தின நாள் சாயங்காலமே அவரவர் போனில் சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டில் ஓடோடு வேண்டும், ஒரு வீட்டில் உரித்து வேண்டும், ஒரு வீட்டில் கால் உடைந்த நண்டு கூடவே கூடாது. குப்பாயிக்கு எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவள் போனில் யார் பேசினாலும் அதுவாகவே பதிந்துகொள்ளும்படி ஜபீன்தான் ஏழாம் நம்பரில் அமைத்துக் கொடுத்திருந்தாள்.

காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் குப்பாயியைப் பார்க்கவேண்டும். பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்து ஒவ்வொரு பேச்சாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வருவாள். யாருக்கு எவ்வளவு என்று பையில் பிரித்துப் போடுவாள். வீட்டு வாசலில் சரக்கைக் கொடுத்ததும் அந்தப் பேச்சைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, "சேந்துச்சு" என்பாள். பதினாலும் அழிந்தால் அன்றைய வேலை முடிந்தது. ரயிலேறித் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். போனில் ஒரு பேச்சு மிச்சம் இருந்தால், எங்கேயோ ஒரு வீட்டுக்கு இன்னும் சரக்கு சேரவில்லை என்று அர்த்தம்.

போன வருஷம் அந்த ஏழாம் நம்பர் ஐஸ் தண்ணீரில் விழுந்தது. துடைத்து, அரிசியில் புதைத்து, என்னென்னவோ செய்து உயிர் வந்தது. ஆனால் திரையின் மேல் பாதி தொட்டால் அசையவில்லை. அதே வாரம் வெள்ளிக்கிழமை ஒன்பதாம் நம்பர் கடைக்கு வந்து இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் ஜபீனின் சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். பிரியாணி சட்டியைத் திறக்கிற நேரம், ஜபீனின் கையில் தட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், அந்தப் பக்கம் குப்பாயி.

"ஜபீனம்மா, ஒம்போது வந்துகீதாமே. இந்தச் சனியன வச்சிக்கினு முடியல. அதுல பேசறதெல்லாம் பதியுமா?"

"பதியும்கா."

"ஏழுல பதிஞ்ச மாதிரியே?"

பின்னாலிருந்து யாரோ கத்தரிக்காய் எங்கே என்று கத்தினார்கள். ஜபீன் அந்த ஒன்பதாம் நம்பர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு வரைக்கும் இருந்தது, ஒன்பதில் எங்கே போகப்போகிறது என்று நினைத்துவிட்டாள். "எல்லாம் அப்டியே இருக்கும்கா. நான் சொல்றேன் இல்ல? போய் எடு" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்க்கப் போய்விட்டாள். பதினோரு வருஷத்தில் உப்புப் பார்க்காமல் அவள் ஊற்றிய ஒரே குழம்பு அதுதான்.

மறுநாள் ஜபீன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். குப்பாயி வந்தாள், நூர் பாயிடம் ஒன்பதாம் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிற அஸ்வினி, பேச்சு தானாகவே பதிகிறமாதிரி அதில் அமைத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முதல் அழைப்பு வந்தது. "குப்பாயிம்மா, நாளைக்கு" என்று அந்த வீட்டம்மா ஆரம்பித்ததும், நடுவில் ஒரு பெண்குரல் புகுந்து, "திஸ் கால் ஈஸ் நவ் பீயிங் ரெக்கார்டட்" என்று கணீரென்று சொன்னது. அந்தப் பக்கம் டக்கென்று கட். அடுத்த வீடும் கட். போனில் பேசியே ஏமாற்றுகிற கும்பல், போலீஸ் என்று சொல்லி மிரட்டுகிற கும்பல் என்று தினமும் செய்தி வருகிற காலம். யார்தான் பயப்படமாட்டார்கள்? ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் பச்சையப்பன் மட்டும் கட் பண்ணாமல், "என் பேச்சைப் பதிவு பண்ண நீ யாரும்மா?" என்று கேட்டார். கேட்டது நியாயமான கேள்விதான். குப்பாயிக்கு அவர் எதைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை.

விளங்க வைத்தது நாகமுத்து. கரைக்கு வந்துகொண்டிருந்த மனுஷன் பெண்டாட்டிக்குப் போன் போட்டார். பெண்டாட்டிக்கு முன்னால் வேறு ஒருத்தி இங்கிலீஷில் பேசினாள்.

"ஏய், ஊட்டுல யாரு அது?"

"யாரும் இல்லயே. நான்தான் கீறேன்."

"அப்ப பேசுனவ யாரு? இன்னா சொல்றா அவ?"

"எனக்கு இன்னா தெரியும்? போனுக்குள்ள ஒரு பொம்பள கீறா போல" என்றாள் குப்பாயி.

அஸ்வினி வந்து கேட்டுப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். பதிவை நிறுத்தினால்தான் அந்தப் பொம்பளை வாயை மூடுவாள். வேறு வழியில்லாமல் குப்பாயி பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வீடுகளின் பேச்சை மனசிலேயே வைத்துக்கொண்டு ரயிலேறினாள். பொன்னேரியில் ஞாபகம் இருந்தது கவரைப்பேட்டையில் குழம்பிப்போனது. உரித்த இறால் போகவேண்டிய வீட்டுக்கு ஓடோடு போனது. கால் உடைந்த நண்டு கூடாது என்ற வீட்டுக்கு அதுவே போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் செண்பகம் என்கிற அம்மாவின் வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு கிலோ பெரிய இறால் சொல்லியிருந்தார். குப்பாயி வாசலில் போய் நின்றபோது பெட்டியில் நண்டு மட்டும்தான் இருந்தது. செண்பகம் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கிருந்து குப்பாயி நேரே கடைக்கு வந்தாள்.

கடையில் அன்றைக்குக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் எட்வர்ட் இருந்தார். ஒன்பதாம் நம்பருக்காக வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வரைக்கும் ஜபீனைக் கம்பெனி சென்னையில் பயிற்சிக்கு உட்கார வைத்திருந்தது. அவளே அன்றுதான் முதன்முதலாக ஒன்பதாம் நம்பரைப் பிரித்திருந்தாள். குப்பாயியைப் பார்த்ததும் வழக்கம்போல முகமெல்லாம் சிரிப்பாக, "வாக்கா, போன் எப்டி ஓடுது?" என்றாள்.

குப்பாயி ஐஸ் பெட்டியைக் கீழே இறக்கினாள். மடியிலிருந்து பழைய ஏழாம் நம்பரை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து, அசைகிற கீழ்ப்பாதியில் கட்டைவிரலால் தட்டினாள். கல்யாணச் சத்தம் கேட்டது. யாரோ கத்தரிக்காய் கேட்டார்கள். அதற்கு மேலே ஜபீனின் குரல், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. "எல்லாம் அப்டியே இருக்கும்கா. நான் சொல்றேன் இல்ல? போய் எடு."

பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஜபீனுக்குக் காதெல்லாம் சுட்டது. தன் குரல் தனக்கே அவ்வளவு அன்னியமாக அவள் எப்போதும் கேட்டதில்லை.

"பதினாலு ஊட்டுல ஏழு ஊடு போச்சி" என்றாள் குப்பாயி. "கம்பெனிய நான் கேக்கல. நீ சொன்னன்னுதான் எடுத்தேன்."

எட்வர்ட் நல்ல மனிதர்தான், மேலிடம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். "அம்மா, அது உங்க பாதுகாப்புக்கு. ஒருத்தர் பேசறத அவருக்குத் தெரியாம பதியறது தப்பு இல்லீங்களா?"

"இருக்கட்டும் நைனா. அத நானே சொல்லிக்கிறேன், என் வாயி இல்லயா? அந்தப் பொம்பளய மட்டும் வெளிய அனுப்பு" என்றாள் குப்பாயி.

ஜபீன் ஒன்பதாம் நம்பரைக் கையில் எடுத்து அரை மணி நேரம் குடைந்தாள். அந்தப் பொம்பளையை வெளியே அனுப்ப வழியே இல்லை. எட்வர்டைப் பார்த்து, "சார், நீங்க சொன்னது நியாயம்தான். ஆனா இப்டி மாத்திக்கிறோம்னு பொட்டி மேல எங்கயாவது எழுதிக்கீதா?" என்று கேட்டாள். எட்வர்ட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமரா பற்றி நாலு வரி இருந்தது.

ஜபீன் தன் பையைத் திறந்தாள். எத்தனை மாடல் வந்தாலும் வாரம் முடிந்ததும் அவள் திரும்பிப் போகிற போன் அவளுடைய சொந்த ஏழாம் நம்பர்தான். அதிலிருந்த மகளின் படங்களையெல்லாம் ஒன்பதுக்கு மாற்றினாள், சிம்மைக் கழற்றினாள், குப்பாயியின் சிம்மைப் போட்டாள். "இது உன்னுதுக்கா. ஒம்போது எங்கிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்தாள்.

அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை அடைத்ததும் குப்பாயியோடு ஏழு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். "தப்பு இவங்க மேல இல்லம்மா, என் மேல. இவங்களுக்கு எழுதத் தெரியாது. நீங்க சொல்றதப் பதிஞ்சு வச்சித்தான் கேப்பாங்க. அதுக்கு ஒத்துக்கினா மட்டும் போன்ல சொல்லுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஐந்து வீடுகள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டன. பச்சையப்பனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நானே தெளிவா பேசியிருப்பேனே" என்றார். அன்றிலிருந்து அவர் போன் செய்தால், "வணக்கம், இன்று செவ்வாய்க்கிழமை. நண்டு ஒரு கிலோ. மீண்டும் சொல்கிறேன், ஒரு கிலோ" என்று செய்தி வாசிப்பதுபோலத்தான் சொல்கிறார். செண்பகம் மட்டும் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை.

ரயிலடியில் பிரிகிற நேரத்தில் ஜபீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அந்தப் பழய போன்ல என் பேச்சு ஒண்ணு கீதே. அத அழிச்சிடேன்."

குப்பாயி கோபமாகச் சொல்லவில்லை. அவள் வழக்கத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். "சரக்கு சேந்தா அழிப்பேன். நீ எல்லாம் அப்டியே இருக்கும்னு சொன்ன. அது இன்னும் வந்து சேரலியே."

அந்த வார்த்தை ஜபீனைக் குடைந்துகொண்டே இருந்தது. சோறு வடிக்கும்போதும் தொழும்போதும் நினைவுக்கு வந்தது. எங்கோ ஒரு குப்பத்தில், பாதி செத்த ஒரு போனுக்குள், அவள் சொன்ன பொய் ஒன்று உயிரோடு கிடந்தது. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லைதான். அதனால் என்ன? சொன்னது அவள்தானே.

மறுநாளிலிருந்து அவள் விற்கிற விதமே மாறியது. ஒன்பதாம் நம்பரைக் கேட்டு யார் வந்தாலும், அதிலிருந்து கடை நம்பருக்குப் போட்டு, பதிவை அமுக்கி, காதில் கொடுத்துவிடுவாள். "கேட்டுக்கோங்க. இந்தம்மாவும் உங்ககூட வருவாங்க. சம்மதமா?" உண்மையைச் சொன்னால், வந்தவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் ஒரு பேச்சையும் பதிந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஆனாலும் போனைக் கீழே வைத்துவிட்டு, "இதுவும் போச்சா? ரேடியோ போச்சு, சார்ஜர் போச்சு, அடுத்தது இன்னா?" என்று கேட்டார்கள். நேற்றுவரை நம் வீட்டில் இருந்ததைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போனால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். மாதம் அறுபது போன் விற்ற மேசையில் பதினொன்று விற்றது.

எட்வர்ட் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். தணிந்த குரலில், "ஜபீன் மேடம், கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா நீங்களா எதுக்கு எடுத்துக் குடுக்கறீங்க?" என்றார்.

"சார், அவங்களுக்குக் கேக்கத் தெரிஞ்சா எங்கிட்ட ஏன் வராங்க? கேக்கத் தெரியாததாலதான் என்ன நம்பி வராங்க."

எட்வர்ட் டீயைக் குடித்து முடித்தார். இதை மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லி, எழுதவும் செய்தார். மேலிடம் சும்மா இருக்குமா? வாடிக்கையாளர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க, பழைய ஏழாம் நம்பர்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்க ஏற்பாடு பண்ணியது. போனை எடுத்ததும் முதல் வார்த்தையாக ஒரு பெண்குரல், "உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒருவர் பாக்கியில்லாமல் கட் பண்ணினார்கள். குப்பாயிக்கும் வந்ததாம். "ஐயோ, அவ தமிழ் கத்துக்கினா!" என்று அலறிப் போனை மூடியிருக்கிறாள். இந்தப் பகுதி வாடிக்கையாளர்கள் கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்று கம்பெனி எழுதி வைத்துக்கொண்டது.

மூன்றாம் மாதம் ஜபீனிடமிருந்து ஆரஞ்சு டீ-சர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாங்க வந்த எட்வர்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். ஜபீன் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அப்ராரிடம் சொன்னபோது அழுகை முட்டியது. அப்ரார் அவளை ஏற இறங்கப் பார்த்து, "போனா போவுது. பதினோரு வருஷமா சொல்லணும்னு பாத்தேன், அந்தக் கலரு உனக்குப் பொருந்தவே இல்ல" என்றார். அழுதுகொண்டே சிரித்தாள். நூர் பாயோ, "டீ-சர்ட்டுதான அவங்களுது, மேச என்னுது. நீ நில்லும்மா" என்று சொல்லிவிட்டார். எந்தக் கம்பெனியும் இல்லாமல், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக, அதே இடத்தில் நின்றாள். ஆனால் அவளைத் தேடி வருகிற கூட்டம் குறைந்துதான் போயிருந்தது. முக்கியமாக ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. குப்பாயி சரக்கு கொடுத்துவிட்டுக் கடை வழியாகத்தான் போவாள். கையை ஆட்டுவாள், உள்ளே வரமாட்டாள்.

பொங்கலுக்கு இருபது நாள் இருக்கையில் ஒரு மத்தியானம் உள்ளே வந்தாள். பின்னால் ஐந்து பெண்கள், எல்லோரும் குப்பத்துக்காரர்கள், குப்பாயி மாதிரியே வீடு வீடாகச் சரக்கு கொடுக்கிறவர்கள். ஐந்து பேருக்கும் எழுதத் தெரியாது.

"அஞ்சு போன் வேணும்" என்றாள் குப்பாயி. "ஜபீன் போன்."

ஜபீன் டீ-சர்ட் இல்லாத தன் சுடிதாரைத் தொட்டுக் காட்டினாள். "அக்கா, நான் இப்ப எந்தக் கம்பெனியும் இல்ல."

"கம்பெனிய யாருடி கேட்டது? பேசறது பதியணும், பொம்பள பேசக்கூடாது. அப்டி எது கீதோ அத எடு."

அப்படி ஒன்று அலமாரியில் இருந்தது. வேறொரு கம்பெனியின் புது மாடல், முந்தின நாள்தான் வந்திருந்தது. பதியும், சத்தம் வராது என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று மாதமாக மந்தமாகக் கிடந்த கடையில் ஒரே நேரத்தில் ஐந்து போன். நூர் பாய் கல்லாவிலிருந்து, சொல்லிவிடு சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினார். ஐந்து பெண்களும் ஜபீனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜபீன் ஒரு பெட்டியை எடுத்தாள். பிரித்தாள். தன் சிம்மை அதில் போட்டாள்.

"பதியும்னுதான் எழுதிக்கீது. ஆனா எனக்குத் தெரியாதுக்கா. நேத்துதான் வந்துச்சி. ஒரு வாரம் நான் வச்சிப் பாக்கறேன், அப்பறம் சொல்றேன். இன்னிக்கு எடுக்காதீங்க."

நூர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். பெண்களில் மூத்தவளான முத்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, பஸ்ஸு மாறி ரயிலு மாறி வந்துகீறோம். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? வாங்குன்னு சொல்லாத கடைக்காரிய இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

குப்பாயி மட்டும் சிரித்தாள். மடிக்குள் கையை விட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த அந்தப் பழைய ஏழாம் நம்பரை வெளியே எடுத்தாள். இத்தனை மாதமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்! இந்த முறை ஊர் கேட்க மேசைமேல் வைக்கவில்லை. காதோடு அணைத்து, ரயிலில் கேட்பதுபோல, கல்யாணச் சத்தத்தை முழுசாக ஒரு தடவை தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு போனை ஜபீனின் பக்கம் திருப்பிப் பிடித்து, அவள் பார்க்கும்படி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். திரையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஜபீன் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேந்துச்சு" என்றாள் குப்பாயி.